காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று: வானொலிக்கும் இணையத்துக்கும் செய்தியாளராக வேலை பழகும் முறை

வானொலிச் செய்திப் பிரிவிலும் இணையச் செய்தி டெஸ்க்கிலும் மாறி மாறி வேலை பார்த்திருக்கிறேன். புதிதாக வருபவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எழுத்து நன்றாகவே வருகிறது. வரிசைதான் மாறிப்போகிறது. முதலில் இணையத்துக்கு நீளமாக எழுதிவிட்டு, அதையே வெட்டி வானொலிக்கு வாசிக்கப் பார்க்கிறார்கள். நான் சொல்லும் வரிசை இதற்கு எதிர்: முதலில் காதுக்கு எழுதுங்கள், அப்புறம் கண்ணுக்கு. காதுக்கு எழுதும்போது எந்தத் தகவல் உங்களுக்கே புரியவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரே செய்தியைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம்: மேட்டூர் அணையிலிருந்து உபரிநீர் திறக்கப்படுகிறது. எண், எச்சரிக்கை, அதிகாரி பேட்டி எல்லாமே இதில் உண்டு.

1. எங்கே செய்தி வாசிக்க முடியும் என்று முதலில் பாருங்கள்

பலர் தனியார் எஃப்எம்மில் சேர்ந்தால் செய்தி வாசிக்கலாம் என்று நம்பி வருகிறார்கள். இந்தியாவில் தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை மாற்றாமல் அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். போக்குவரத்து, வானிலை, விளையாட்டு, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, மின்தடை, குடிநீர் அறிவிப்பு போன்றவை செய்தி என்ற கணக்கில் வராது, அவற்றைச் சொல்லலாம். சமுதாய வானொலிகளிலும் செய்திக்கு இதே மாதிரி கட்டுப்பாடு உண்டு.

ஆகவே வானொலிச் செய்தியாளர் வேலை என்றால் தமிழ்நாட்டில் முதல் வாசல் ஆகாசவாணிதான். மண்டலச் செய்திப் பிரிவுகளில் தற்காலிக அடிப்படையில் செய்தி வாசிப்பாளர், மொழிபெயர்ப்பாளர், செய்தி ஆசிரியர் பணிகள் வரும். மாவட்டங்களில் பகுதிநேரச் செய்தியாளர்களும் இருக்கிறார்கள். அறிவிப்புகளை, ஆகாசவாணியை நடத்தும் பிரசார் பாரதியின் இணையதளத்தில் பாருங்கள். இலங்கையில் நிலைமை வேறு; அங்கே தனியார் தமிழ் வானொலிகளும் தாங்களே செய்தி தயாரித்து வாசிக்கின்றன.

குரலைப் பழக்க இடம் வேண்டுமென்றால் சமுதாய வானொலி நல்லது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 90.4 போன்ற நிலையங்களில் உடல்நலம், சுற்றுச்சூழல், கல்வி நிகழ்ச்சிகள் செய்யலாம். மைக் பயம் அங்கே போய்விடும். செய்தி எழுதும் பழக்கத்தை இணையத்தில் தேடிக்கொள்ளுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

செல்போன், கம்பியுள்ள காலர் மைக், காது முழுவதையும் மூடும் ஹெட்போன், ஒரு சின்ன நோட்டு. இவை போதும். விலையுயர்ந்த ரெக்கார்டரை முதல் வருடம் வாங்க வேண்டாம். எடிட் செய்ய ஆடாசிட்டி இலவசமாகக் கிடைக்கிறது.

ஹெட்போனை மட்டும் தவிர்க்காதீர்கள். நம் காது பழகிய சத்தத்தை வடிகட்டிவிடும், மைக் வடிகட்டாது. மதகுப் பக்கம் நின்று பேட்டி எடுக்கும்போது தண்ணீர் இரைச்சல் உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. அலுவலகம் வந்து கேட்டால் அதிகாரியின் குரலே இருக்காது.

தட்டச்சுக்குத் தமிழ் 99 விசைப்பலகை முறையைப் பழகுங்கள். இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், பிறகு கை ஓடும். குரல்வழித் தட்டச்சு வேகமாக இருக்கலாம், ஆனால் ல, ள, ழ மூன்றையும் குழப்பும். இன்னொன்று, சில செய்திக்குறிப்புகள் இன்னமும் பழைய வானவில் எழுத்துருவில் வருகின்றன. யூனிகோடுக்கு மாற்றியபின் மூலத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். கொம்பு இடம் மாறினால் ஊர்ப் பெயரே மாறிவிடும்.

3. களத்தில் ஒலிப்பதிவு

முதல் வேலை, போனை விமானப் பயன்முறைக்கு மாற்றுவது. இதை மறந்து, ஆட்சியர் எச்சரிக்கை சொல்லும் நேரத்தில் அழைப்பு வந்து பதிவு நின்றுபோனதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். இரண்டாவது, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, உங்கள் உடம்பையே மைக்குக்கு மறைப்பாக வைத்துக்கொள்வது.

பேட்டி தொடங்கும் முன் பேசுபவரையே அவர் பெயர், பொறுப்பு, ஊர் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஒலிபரப்புக்கு அது போகாது. ஆனால் அவர் தன் பெயரை எப்படி உச்சரிக்கிறார் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

அடுத்தது சின்ன விஷயம், ஆனால் புதியவர்கள் எல்லோரும் செய்கிறார்கள். எதிரில் இருப்பவர் பேசும்போது "ம்ம்", "சரி சரி" என்று சொல்லிக்கொண்டே இருப்பது. நேரில் அது மரியாதை. பதிவில் ஒவ்வொரு "ம்ம்"மும் அவர் வாக்கியத்தின் நடுவில் விழுந்து, பைட்டை, அதாவது ஒலிபரப்புக்கு எடுக்கும் பேச்சுத் துண்டை, வெட்ட முடியாமல் செய்துவிடும். தலையை மட்டும் ஆட்டுங்கள்.

கிளம்பும் முன் யாரும் பேசாமல் 30 விநாடி அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். இரண்டு வெட்டுகளுக்கு நடுவே அதை வைத்தால்தான் ஒலி அறுந்ததுபோல் தெரியாது. தனியாக ஒரு நிமிடம் மதகுச் சத்தமும் எடுத்துக்கொள்ளுங்கள். வானொலியில் அதுதான் உங்கள் புகைப்படம்.

4. எண்ணையும் அலகையும் உறுதிப்படுத்துங்கள்

இந்தப் படியை எழுதுவதற்கு முன் முடித்துவிட வேண்டும். எழுதியபிறகு சரிபார்த்தால், எழுதிய வாக்கியத்தைக் காப்பாற்றத்தான் மனம் பார்க்கும்.

அணைச் செய்தியில் நான்கு எண்கள் உண்டு: நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, நீர் திறப்பு. மட்டம் அடியில். இருப்பு டி.எம்.சியில். வரத்தும் திறப்பும் வினாடிக்கு இத்தனை கன அடி. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. "நீர் இருப்பு 120 அடியாக உயர்ந்தது" என்று யாராவது எழுதினால் அவர் இரண்டையும் குழப்பியிருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஒரு நாளில் 86,400 வினாடி. அப்படியென்றால் வினாடிக்கு ஏறக்குறைய 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஒரு டி.எம்.சி. போகும். இந்தக் கணக்கை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். யாராவது தவறான எண்ணைக் கொடுத்தால் அந்த இடத்திலேயே பிடித்துவிடலாம்.

மழைச் செய்திக்கும் இப்படி ஓர் அளவுகோல் உண்டு. வானிலை ஆய்வு மையக் கணக்கில், 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. இந்த 24 மணி நேரம் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. "நேற்று மிக கனமழை கொட்டித் தீர்த்தது" என்று எழுதும் முன் அளவைப் பாருங்கள். உங்கள் தெரு நனைந்ததை வைத்து முடிவு செய்யக் கூடாது.

வாட்ஸ்அப்பில் வரும் அறிவிப்பு ஆட்சியர் கையெழுத்தோடு இருந்தாலும், மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். வெள்ளப் படம் வந்தால் கூகுள் லென்ஸில் தேடிப் பாருங்கள். படத்தில் உள்ள கடைப் பலகை, பேருந்தின் நிறம், வண்டி எண் ஆகியவற்றையும் கவனியுங்கள். பழைய வெள்ளப் படங்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் புதிதாகச் சுற்றுக்கு வருகின்றன.

5. பெயர் வெளியிடலாமா என்று கேளுங்கள்

அணைச் செய்தியில் இந்தச் சிக்கல் வராது. ஆனால் மறுநாளே வேறு செய்திக்கு அனுப்புவார்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தைப் பாரதிய நியாய சம்ஹிதாவின் 72-ஆம் பிரிவும், குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் பாதுகாக்கின்றன. சட்டத்தோடு மோதும் சிறார்களின் அடையாளத்துக்குச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு.

பெயரை விட்டுவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. சின்ன ஊர், அப்பாவின் தொழில், படிக்கும் வகுப்பு மூன்றும் சேர்ந்தால் அந்த ஊர்க்காரர்களுக்கு வேறு எதுவும் தேவையில்லை. வானொலியில் அம்மாவின் குரலே போதும். இணையத்தில் வீட்டு வாசல் படம் போதும். சந்தேகம் இருந்தால் தகவலை எடுத்துவிடுங்கள். அந்தக் குழந்தை நாளை பள்ளிக்குப் போக வேண்டும்.

6. காதுக்கு எழுதுங்கள்

நேரம் அதிகம் பிடிக்கும் படி இதுதான். இணையத்துக்கு வழக்கமாக வரும் வாக்கியம் ஒன்று:

"மேட்டூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,00,000 கன அடி உபரிநீர் வெளியேற்றப்பட்டு வருவதையடுத்து, காவிரிக் கரையோரப் பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு மாவட்ட நிர்வாகம் சார்பில் அறிவுறுத்தப்பட்டுள்ளது."

படிக்கும்போது ஒன்றும் தெரியாது. அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே கேட்பவரை நினைத்துப் பாருங்கள். வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. அதுவரை எல்லாவற்றையும் அவர் மனசில் சுமக்க வேண்டும். நடுவில் குக்கர் விசில் அடித்தால் செய்தி போய்விட்டது. திரும்பிப் படிக்க அவருக்கு வழி இல்லை. அதையே இப்படி எழுதலாம்:

"மேட்டூர் அணையில் இருந்து உபரிநீர் திறந்துவிடப்படுகிறது. வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி தண்ணீர் காவிரியில் வருகிறது. கரையோரம் குடியிருப்பவர்கள் மேடான இடங்களுக்குப் போய்விட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் கேட்டுக்கொண்டிருக்கிறது."

ஒரு வாக்கியத்துக்கு ஒரு தகவல், ஒரு வினை. "அடுத்து", "தொடர்ந்து", "நிலையில்" என்று இழுக்கும் சொல் வந்தால் அங்கேயே வெட்டி அடுத்த வாக்கியத்தைத் தொடங்குங்கள்.

சொன்னவர் யார் என்பதை முன்னால் வையுங்கள். "கரைகள் பலமாக உள்ளன, மக்கள் பயப்பட வேண்டியதில்லை என்று அமைச்சர் தெரிவித்தார்" என்பது கண்ணுக்குச் சரி. காதுக்கு அப்படி இல்லை. "அமைச்சர்" வரும்வரை, கரை பலமாக இருப்பதாக வானொலியே உறுதி சொல்வதுபோல் இருக்கும். "அமைச்சர் சொல்வது இது: கரைகள் பலமாக உள்ளன, பயப்பட வேண்டியதில்லை" என்று திருப்பிப் போடுங்கள்.

எதிர்மறையை வாக்கியக் கடைசியில் தொங்கவிடாதீர்கள். இது எனக்கு நடந்தது. ஒரு மழைக்கால இரவு "நாளை பள்ளிகளுக்கு விடுமுறை இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். எண்ணும் எழுத்தும் சரி. மறுநாள் காலை ஒரு தாய் போன் செய்தார். அவருக்கு "விடுமுறை" மட்டும் கேட்டிருக்கிறது. "இல்லை" கரகரப்பில் போய்விட்டது. பிள்ளைக்கு அன்று பரீட்சை. அவரிடம் சொல்ல என்னிடம் எந்தப் பதிலும் இல்லை. அன்றிலிருந்து "நாளை பள்ளிகள் வழக்கம்போல் நடக்கும்" என்றுதான் எழுதுகிறேன், எழுதவும் சொல்கிறேன்.

எண்களைக் குறையுங்கள். இரண்டு வாக்கியத்துக்கு ஓர் எண் போதும். 93.47 என்பதைக் கேட்பவருக்கு "தொண்ணூற்று மூன்றரைக்குச் சற்றுக் குறைவு" என்று சொன்னாலே நிற்கும். துல்லியமான எண் இணையப் பக்கத்துக்கு இருக்கட்டும். வாசிக்கும் தாளில் எண்ணை எழுத்தால் எழுதுங்கள். அப்போதுதான் 300 முந்நூறு, 500 ஐந்நூறு, 900 தொள்ளாயிரம் என்று நா தடுமாறாமல் வரும். தாளில் 96,500 என்று மட்டும் இருந்தால், நேரலையில் கண் அதைப் பிரித்து நாக்குக்குக் கொடுப்பதற்குள் ஒரு விநாடி காணாமல் போகும்.

7. வாசித்துப் பாருங்கள், பிறகு வாசியுங்கள்

முதலில் உங்கள் வேகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பக்கத்தை நிதானமாக வாசித்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் வந்தது என்று எண்ணுங்கள். மூன்று நாள் எண்ணிச் சராசரி எடுங்கள். எனக்கு நிமிடத்துக்கு 100 சொல்லுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆங்கில வழிகாட்டிகளில் உள்ள 150, 160 கணக்கைப் பின்பற்றினால் மூச்சு வாங்கும். தமிழில் ஒரு சொல்லுக்குள்ளேயே வேற்றுமையும் காலமும் ஒட்டிக்கொண்டு வருவதால் சொற்கள் நீளம்.

மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் உட்காருங்கள். நேருக்கு நேர் பேசினால் "பரப்பளவு", "பொதுப்பணி" போன்ற சொற்களில் உள்ள ப, காற்றாக வந்து இடிக்கும்.

உச்சரிப்பில் ழகரத்தை மட்டும் பயிற்சி செய்துவிட்டு ளகரத்தை விட்டுவிடுகிறார்கள். வலி, வளி, வழி மூன்றையும் பதிவு செய்து, கண்ணை மூடிக் கேளுங்கள். எது எது என்று உங்களுக்கே தெரியவில்லை என்றால் கேட்பவருக்கும் தெரியாது.

செய்தி வாசிப்பு என்று குரலைக் கனமாக்கிக்கொள்வது புதியவர்களின் பழக்கம். எதிரில் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துச் சொல்லுங்கள். எச்சரிக்கைச் செய்தியில் வேகத்தைக் குறையுங்கள். ஊர்ப் பெயர்களுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். தன் ஊர் வருகிறதா என்றுதான் கேட்பவர் காத்திருக்கிறார்.

8. இப்போது கண்ணுக்கு எழுதுங்கள்

வானொலிப் பிரதி கையில் இருக்கிறது. அதன் முதல் மூன்று வாக்கியங்களே இணையச் செய்தியின் முதல் பத்தி. இங்கே சேர்க்க வேண்டியவை வேறு.

"இன்று காலை" என்பதை எடுங்கள். வானொலியில் அது சொன்ன நிமிடத்தோடு முடிந்துவிடும். இணையத்தில் மூன்று மாதம் கழித்தும் யாரோ படிப்பார், அல்லது பகிர்வார். கிழமை, தேதி, நேரம் மூன்றையும் போடுங்கள். வெள்ள எச்சரிக்கைக்கு "காலை 8 மணி நிலவரம்" என்பது அவசியம்.

தலைப்பில் இடமும் எண்ணும் இருக்கட்டும். மக்கள் தேடுவது "மேட்டூர் அணை நீர்மட்டம்" என்று. "பொங்கி வரும் காவிரி: பதற்றத்தில் மக்கள்" என்ற தலைப்பில் தேடியவருக்கு எதுவும் கிடைக்காது, பயம் மட்டும் கிடைக்கும். எச்சரிக்கைச் செய்தியில் மர்மத் தலைப்பு வைப்பதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

இணைய முகவரியைத் தமிழ் எழுத்தில் விட்டால், அதை வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சதவீதக் குறியும் எண்களுமாக நாலு வரிக்கு நீளும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்தாக விரிவதுதான் காரணம். முகவரியை ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாக நீங்களே கொடுங்கள்.

நான்கு எண்களையும் ஒரு சின்ன அட்டவணையில் வையுங்கள். காதுக்குச் சுமையாக இருந்தது கண்ணுக்கு உதவி. எச்சரிக்கை பெற்ற ஊர்களின் முழுப் பட்டியல், உதவி எண், அரசு செய்திக்குறிப்பின் இணைப்பு எல்லாம் இங்கேதான். ஆட்சியரின் பைட்டையும், மதகுச் சத்தத்தோடு, ஒலியாகவே பக்கத்தில் ஏற்றுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுபவரும் அதை அழுத்திக் கேட்பார்.

9. வெளியான பிறகு

வானொலியில் தவறு போனால், அடுத்த அறிக்கையில் அதே இடத்தில், அதே நிதானத்தோடு திருத்தம் சொல்ல வேண்டும். கடைசியில் அவசரமாக முணுமுணுக்கக் கூடாது. இணையத்தில் சத்தமில்லாமல் எண்ணை மாற்றிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. அது வேண்டாம். பழைய பக்கத்தின் படம் ஏற்கெனவே நாலு குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும். எது மாறியது, எத்தனை மணிக்கு மாறியது என்று பக்கத்தின் மேலேயே எழுதுங்கள்.

சொந்தமாகச் செய்தித் தளம் நடத்தினால் 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளைப் படியுங்கள். அந்த விதிகளின்படி குறைதீர் அதிகாரி ஒருவரை நியமித்து, வரும் புகாருக்கு 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

10. மாதிரித் தொகுப்பும் தேர்வும்

மூன்று மாதம் இந்தப் படிகளைச் செய்தால் கையில் போதுமானது இருக்கும். ஒரு நிமிடத்துக்கு மிகாத மூன்று ஒலித்துண்டுகள், அதே மூன்று செய்திகளின் இணைய வடிவம். ஒரே செய்தியின் இரண்டு வடிவங்களையும் பார்ப்பவருக்கு உங்களால் என்ன முடியும் என்று உடனே தெரியும். பத்து நிமிட நிகழ்ச்சியை அனுப்பாதீர்கள். முதல் 20 விநாடிதான் கேட்பார்கள்.

வானொலித் தேர்வில் பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பும் குரல் தேர்வும் இருக்கும். மொழிபெயர்ப்புக்குத் தினமும் ஒரு அரசு செய்திக்குறிப்பை எடுத்து, 15 நிமிடத்தில் வாசிக்கும் பிரதியாக்கிப் பழகுங்கள். குரல் தேர்வில் தடுமாறினால் மன்னிப்புக் கேட்காமல், அந்தச் சொல்லை மட்டும் சரியாகத் திரும்பச் சொல்லி மேலே போங்கள். நேரலையில் செய்ய வேண்டியதும் அதுதான்.

பணம் கொடுத்தால் செய்தியாளர் அடையாள அட்டை தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். சம்பளம் கொடுக்கும் இடம் அட்டைக்குக் காசு கேட்காது. தற்காலிகப் பணி என்றால், ஒரு நாள் பணிக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கேட்கத் தயங்கி ஆறு மாதம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

11. கோப்புகளுக்குப் பெயர் வையுங்கள்

வீடு திரும்பியதும், சாப்பிடும் முன், அன்றைய பதிவுகளுக்குத் தேதி, ஊர், பேசியவர், பொருள் என்ற வரிசையில் பெயர் வைத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். வெட்டாத மூலப் பதிவை அழிக்காதீர்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று ஒரு நாள் போன் வரும். அப்போது "புதிய பதிவு 47" என்ற பெயரில் இருந்தால் தேடி எடுக்க முடியாது. தேதியும் ஊரும் பெயரிலேயே இருந்தால், அவர் லைனில் இருக்கும்போதே எடுத்துப் போட்டுக் காட்டலாம்.